ஆருங்க பாத்தது?

என் பதினெட்டு வருடப் பல் வைத்தியத்தில் ஸ்பேனரின் பிடியால் பல்லைத் தட்டிப் பார்த்தது ஒரே ஒரு முறைதான். கொல்லிமலை செம்மேட்டில், தகரக் கூரை போட்ட ஒரு ஜீப் பட்டறையில், கவிழ்த்து வைத்த ஆயில் டின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணிக்கு.

அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். உயரம். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன பல்பும் அதன் ஒயரும் நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று நாளாகக் கீழ்த் தாடையில் வலி என்றார். அடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எழுதித் தந்த சீட்டை நீட்டினார். எந்தப் பல்லை எடுக்க வேண்டும் என்று அதில் எண் போட்டு வட்டமிட்டிருந்தது. நான் செல்போன் வெளிச்சத்தில் அந்தப் பல்லைப் பார்த்தேன். லேசாகச் சொத்தை இருந்தது.

"எடுத்துடலாங்க. நாளைக்குக் காலையில கேம்ப்புக்கு வாங்க" என்றேன்.

"இந்தப் பல்லுதான் வலிக்குதுன்னு ஆருங்க பாத்தது?"

"சீட்டுல எழுதியிருக்காங்களே."

"எழுதுனது அவங்க. நீங்க பாத்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபித்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. என் கார் அவருடைய பட்டறையில் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றிருந்தது. என் கருவிப் பெட்டியோ கேம்ப் நடக்கவிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. அங்கே கிடந்த சின்ன ஸ்பேனர் ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே போனேன். சீட்டில் வட்டமிட்ட பல்லைத் தட்டியபோது அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. அதற்கு நேர் மேலே இருந்த பல்லைத் தொட்டதும் ஆயில் டின்னோடு துள்ளினார். மேல் பல்லில் மயிரிழை போல ஒரு விரிசல். விரிசல் மேலே, வலி கீழே. எங்கள் தொழிலில் அபூர்வம் ஒன்றும் இல்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் சீட்டில் இருந்த பல்லை மட்டும் பார்த்தேன், வாயைப் பார்க்கவில்லை.

அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்து, "இப்பச் செரி. இனி உங்க காருக்கு வாரேன்" என்றார்.

செம்மேட்டில் எல்லோருக்கும் அவரை அந்தக் கேள்வியால்தான் தெரியும். டீக்கடைக்காரர் "சக்கரை போட்டாச்சுங்க அக்கா" என்றால், ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கல்லாவை விட்டு நகருவார். ஜீப்பில் டீசல் முள் பாதியைக் காட்டினால், டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எதுவரை என்று பார்ப்பார். புது பேட்டரியின் பெட்டி மேல் என்ன எழுதியிருந்தாலும் பல்பை வைத்து எரியவிட்டுப் பார்க்காமல் வண்டியில் ஏற்றமாட்டார். அவருடைய மகள் நர்சிங் பரீட்சையில் முதல் வகுப்பு என்று ஓடிவந்து சொன்னபோதும் தாளைக் காட்டச் சொன்னாராம். அந்தப் பெண் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் அப்படிக் கேட்டது தப்பு என்று சொல்லவில்லை.

அவர் மற்றவர்களை மட்டும் சந்தேகிப்பவர் என்றால் எனக்கு இவ்வளவு பிரமிப்பு வந்திருக்காது. அன்று நான் பார்க்கவே ஒரு ஜீப் வந்தது. முந்தின நாள்தான் அவர் அதற்குப் பிரேக் சரிசெய்து கொடுத்திருந்தார். வேறு ஏதோ வேலையாக வந்த வண்டி. அவர் முதலில் பிரேக்கைத்தான் மிதித்துப் பார்க்கப் போனார்.

"நேத்து நீங்கதானக்கா பாத்தீங்க?" என்றான் டிரைவர்.

"நேத்துப் பாத்தவ நேத்தோட போயிட்டா. நீ எறங்கு சாமி."

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "பேர எழுதாதீங்க. அப்புறம் பேர நம்பி வண்டிய உட்டுட்டுப் போவாங்க. பக்கத்துல நின்னு பாக்கமாட்டாங்க" என்றார்.

இனி என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய அந்தக் காலத்து வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அதை நானும் என் தம்பியும் சேர்ந்து வாங்கினோம். வாங்கியது நான், உயிர் கொடுத்தது அவன். மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு எதுவும் செய்யாமல் அந்த இன்ஜினை அக்கக்காகப் பிரித்துக் கோத்தான். அவனுக்கு அது படிப்பில் வந்ததல்ல, கையில் வந்தது.

ஓடத் தொடங்கிய பிறகு ஒரு கோளாறு வந்தது. மேட்டில் ஏறும்போது இன்ஜினுக்குள் யாரோ தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். கூடவே சூடு. சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி, மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் உச்சிக்கு வந்து சேரும் நேரத்துக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். மிகவும் முன்னால் விழுந்தால், மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனின் தலையிலேயே வெடி விழும். இதைத்தான் டைமிங் என்கிறார்கள். இன்ஜின் முன்னால் சுழலும் புல்லியில் ஒரு கோடு வெட்டியிருக்கும். அதற்கு எதிரே ஒரு முள். கோடு முள்ளுக்கு நேரே வந்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் வைத்துத்தான் பொறி விழும் நேரத்தைப் பொருத்துவார்கள். தம்பி அதை நாலைந்து தடவை பொருத்தினான். ஒரு நாள் குழம்பிப்போய் என்னிடம் வந்தான்.

"குறி சரியா நிக்குதுண்ணா. ஆனா வண்டி தப்பாக் கத்துது. எனக்குப் புரியல."

"புரியலைன்னா தெரிஞ்சவன்கிட்ட உட வேண்டியதுதானே" என்றேன்.

அந்த மாதமே சேலம் போகும் வழியில் பிஸ்டன் ஓட்டையாகிவிட்டது. நடுரோட்டில், என் மனைவி பிள்ளைகள் எதிரில், அவனைப் பார்த்து நான் சொன்னதை இங்கே முழுதாக எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "கத்துக்குட்டி" என்பது அதில் மென்மையான சொல். அவன் பஸ் ஏறிப் போய்விட்டான். பிறகு தன் கருவிகளை எல்லாம் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் புக்கிங் வேலைக்குச் சேர்ந்தான் என்று அம்மா சொன்னார். ஒன்றரை வருடம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

நான் காரை ஒரு பெரிய பட்டறையில் கொடுத்தேன். புதுப் பிஸ்டன், புதுக் கார்புரேட்டர், நல்ல பெட்ரோல் என்று எல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள். செம்மேட்டில் பல் சிகிச்சை கேம்ப் என்றதும், மற்றவர்களை வேனில் போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் அந்தக் காரில் கிளம்பினேன். எழுபது வளைவும் ஏறி, மலை மேல் காரோடு ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட வேண்டும், தம்பி அதைப் பார்க்க வேண்டும். அதுதான் என் எண்ணம்.

ஐம்பத்திரண்டாம் வளைவில் கூழாங்கல் சத்தம் கேட்டது. ஐம்பத்தாறில் நீராவி. பின்னால் வந்த ஜீப்காரர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்த இடம்தான் அந்தத் தகரக் கூரை.

அக்கா என் கதையை முழுவதும் கேட்டார். பெட்ரோல் சரியில்லை என்று முதலில் சொன்னார்கள், பிறகு கார்புரேட்டர் என்றார்கள், டைமிங்கை மட்டும் மூன்று பேர் மெஷின் வைத்துப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றார்கள் என்றெல்லாம் சொன்னேன்.

"எதை வெச்சுப் பாத்தாங்க?"

"புல்லியில இருக்கற கோட்டை வெச்சுத்தான்."

"அந்தக் கோட்ட ஆருங்க பாத்தது?"

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. கோடு கம்பெனி வெட்டியது. அதை யார் பார்க்க வேண்டும்? எழுத்தை வைத்துச் சொல்லைச் சரிபார்க்கலாம், எழுத்தையே எதை வைத்துச் சரிபார்ப்பது?

"இன்ஜின் சூடு ஆறட்டும். நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

டீக்கடையில், என்னை இழுத்துவந்த ஜீப்காரர் பொன்னுசாமி உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு எதிலும் நம்பிக்கையே கிடையாதோ என்று நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நானும் அப்படித்தானுங்க நெனச்சிட்டு இருந்தேன்" என்று தொடங்கினார். "ஒரு மழைக்காலமுங்க. குண்டனி நாட்டு ஊர் ஒண்ணுல இருந்து ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலின்னு ஏத்திட்டு வாரேன். அங்க ஒரு மில்லு இன்ஜின் பாத்துட்டு அக்காளும் வண்டியில வந்தாங்க. வழியில தரைப்பாலத்து மேல தண்ணி போகுது. ஓரத்துல கல்லு நட்டு அடிக்கணக்குப் போட்டிருப்பாங்கல்ல, அதுல ஒரு அடிதான் காட்டுது. ஒரு அடியில நான் ஆயிரம் தடவ போயிருக்கேனுங்க. கியரப் போட்டுட்டேன். அக்கா சாவியப் புடுங்கிட்டாங்க."

"அப்புறம்?"

"கடப்பாரைய எடுத்துட்டுத் தண்ணிக்குள்ள எறங்கிட்டாங்க. உள்ள பொண்ணு கத்துது. அவங்கம்மா கும்புடுது. நான் அக்காள வாய்க்கு வந்தபடி திட்டுறேன். ஊணி ஊணிப் பாத்துட்டே போறாங்க. பாலத்துல பாதி போயிருப்பாங்க. கடப்பாரைய ஊணுனா, அது பாட்டுக்கு உள்ள போவுது. அடி நிக்கல. பாலம் இல்லீங்க அங்க. மேல தண்ணி ஒரு அடிதான். கீழ பாலம் அடிச்சிட்டுப் போயிருச்சு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சுத்துவழியில போனோம். வண்டியிலேயே பொறந்துருச்சு. அந்தப் புள்ள இப்ப நாலாவது படிக்குது. தெருவுல அதப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அந்தக் கடப்பாரைதானுங்க ஞாபகம் வருது."

எதனால் அக்கா இப்படி ஆனார் என்று நான் பின்னால் அவரிடமே கேட்டேன். ஏதாவது பெரிய ஏமாற்றமோ, விபத்தோ இருக்கும் என்று எதிர்பார்த்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சின்னதுல இருந்தே அப்படித்தான். எங்கம்மாகிட்ட இதுக்கே அடி வாங்கியிருக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

பட்டறைக்குத் திரும்பியபோது, அவர் பொறி விழவைக்கும் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அதற்குள் ஒரு போல்ட்டை வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு இதை அங்கே திருகினார். இப்போது பிஸ்டன் முழுதாக மேலே வர முடியாது. வரும் வழியில் போல்ட்டில் முட்டி நின்றுவிடும்.

"மெதுவாச் சுத்துங்க" என்று என்னிடம் பெரிய ஸ்பேனரைக் கொடுத்தார். நான் இன்ஜினைக் கையால் சுற்றினேன். டக்கென்று முட்டி நின்றது. முள்ளுக்கு நேராகப் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றச் சொன்னார். அந்தப் பக்கமும் போய் முட்டி நின்றது. அங்கே இன்னொரு கோடு.

"இங்கயும் முட்டுது, அங்கயும் முட்டுது. ரெண்டுக்கும் நட்ட நடுவுலதானுங்க உச்சி இருக்கோணும்? அதுக்குக் கம்பெனியக் கேக்க வேண்டியதில்லையே."

சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீள நாடாவாக வெட்டினார். அதைப் புல்லி மேல் சுற்றி, இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள நீளத்துக்குக் கத்தரித்தார். பிறகு அந்த நாடாவைச் சரிபாதியாக மடித்து, மடிப்பு விழுந்த இடத்தைப் புல்லியில் வைத்துக் காட்டினார். பிஸ்டனின் உண்மையான உச்சி அதுதான்.

கம்பெனி வெட்டிய கோடு அங்கே இல்லை. கட்டைவிரல் அகலம் தள்ளி நின்றது.

மூன்று முறை அளந்தார். மூன்றாவது முறை சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டு அவர் புல்லியைப் பார்க்காமல் திரும்பி நின்றார். மூன்று முறையும் மடிப்பு ஒரே இடத்தில் விழுந்தது. பிறகுதான் டார்ச் அடித்துப் புல்லியின் உள்ளே காட்டினார். அது ஒரே இரும்பு இல்லை. நடுவில் ஒரு வட்டம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையே ரப்பர். இத்தனை வருடத்தில் ரப்பர் செத்து, வெளி வளையம் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்திருக்கிறது. கோடு இருப்பது வெளி வளையத்தில். அதற்குப் பொருத்தினால் பொறியும் சீக்கிரமே விழும்.

நான்கு சுவருக்குள் மெஷின் வைத்துப் பார்த்த மூன்று பேரும், பிஸ்டனை மாற்றியவர்களும், நானும், ஒரு நகர்ந்த கோட்டுக்கு முன்னால் கைகட்டி நின்றிருக்கிறோம். ஒரு காலண்டர் தாளை மடித்து இவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் பொறி விழும் இடத்தைப் பல்பு வைத்துச் சோதித்தார். பழைய கோட்டின்படி எங்கே விழுகிறது என்று பார்த்தவர், நிமிர்ந்து கேட்டார்: "இந்த டைமிங்க கடைசியா ஆருங்க வெச்சது?"

"பெரிய பட்டறையில. ஆனா எங்க தம்பி வெச்ச இடத்துலயேதான் இருக்குன்னு விட்டுட்டாங்களாம்."

"உங்க தம்பி கை தங்கமுங்க. அந்தக் கோட்டுக்கு ஒரு மசுரு பிசகல. அதனாலதான் கெட்டுப்போச்சு. அரகொறையா வெக்கறவனா இருந்தா வண்டி தப்பிச்சிருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "இப்ப என்ன பண்றாரு?" என்றார்.

சொன்னேன். பேச்சு இல்லாததையும் நடுரோட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"செரியாச் செஞ்சும் தப்பாப் போனா, அந்த ஆளுக்கு அப்புறம் எதத் தொட்டாலும் பயமா இருக்குமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அங்கேயே நின்று தம்பியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. புல்லியை, இரண்டு சாக்பீஸ் கோடுகளை, மடித்த தாளை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினேன். கீழே எதுவும் எழுதவில்லை. என்ன எழுதுவது? பத்து நிமிடத்தில் போன் அடித்தது. எடுத்தால், என்னை விசாரிக்கவில்லை, அண்ணா என்றுகூடச் சொல்லவில்லை.

"வளையம் நகந்திருக்குதா?"

"ஆமாடா."

லாரி ஆபீஸ் இரைச்சல் மெல்லக் குறைந்தது; அவன் வெளியே வந்திருக்க வேண்டும்.

"தொடாதீங்க. காலைல வாரேன்" என்றான்.

மறுநாள் முள்ளுக்குறிச்சி வழியாக வரும் பஸ்ஸில் வந்து இறங்கினான். மெலிந்திருந்தான். அவன் ரோட்டைக் கடந்து வருவதைப் பார்த்ததும் அக்கா ஒரு காரியம் செய்தார். பெட்ரோலில் நனைத்த துணியை எடுத்து, புல்லியில் தான் போட்ட கோடுகளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார். மடித்த தாளைக் கசக்கி அடுப்பில் போட்டார்.

"அக்கா, என்னங்க இது!" என்று பதறினேன்.

"நான் காட்டுனா அதுவும் இன்னொருத்தரு கோடுதானுங்க. அவரே கண்டுபுடிக்கட்டும்."

தம்பியிடம் அந்தப் போல்ட் வைத்த பிளக்கை மட்டும் கொடுத்தார். அவன் வாங்கி, ஒரு நிமிடம் உருட்டிப் பார்த்தான். அது எதற்கென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஸ்பேனரை நட்டில் மாட்டியவன் மறுபடி கழற்றி எடுத்ததை நான் பார்த்தேன். நான் ஏற்றிய பயம் அது. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. கேம்ப்புக்கு நேரமாகியும் போகவும் முடியவில்லை.

ஒரு மணி நேரம் ஆயிற்று. அக்கா ஆயில் டின் மேல் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்தபடி இருந்தார். அவன் சுற்றினான், நிறுத்தினான், கோடு போட்டான், அழித்தான், மறுபடி சுற்றினான். மெல்ல மெல்ல அந்தக் கை பழைய கையாக மாறிக்கொண்டு வந்தது. கடைசியில் புல்லியின் உள்வட்டத்தில், நகராத இடத்தில், ரம்பக் கத்தியால் மெல்லிசாக ஒரு கோடு கீறினான். அந்தக் கோட்டுக்குப் பொறியைப் பொருத்தினான். பிறகு நிமிர்ந்தான்.

"தம்பி, நீ அன்னைக்கும் சரியாத்தான் வெச்சிருந்தே" என்றேன். "நான்தான்டா..." அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றுமில்லாத பிறகும் துடைத்தான்.

அக்கா எழுந்து வந்தார். அவர் பல்பை எடுப்பார், தாளை மடிப்பார், மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் அளப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கார் சாவியை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க கண்ணு."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அக்கா, நீங்க ஒருக்காப் பாத்துரலீங்களா?" என்றேன்.

"ஒரு மணி நேரமாப் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்" என்றார். அவர் இன்ஜினைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி சாவியைத் திருகினான். இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்தது. அவன் ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டான். கூழாங்கல் சத்தம் இல்லை. "மேட்டுல ஒருக்கா ஏத்திப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லி, யாருடைய பதிலுக்கும் காத்திராமல் ரோட்டில் இறக்கினான். நான் ஓடிப்போய்ப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன்.